மறதிநோய் உள்ளவரோடு பழைய நாள்களைப் பேச

முதுமை மறதி உள்ள பெற்றோரிடம் "இவர் யாரென்று நினைவிருக்கிறதா?" என்று கேட்பது அன்பால் எழும் கேள்விதான் என்றாலும், அவர்களுக்கு அது பரீட்சை போலாகிவிடுகிறது. அதற்குப் பதிலாக, சிங்கப்பூர்த் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் கிடைக்கும் பழைய சிராங்கூன் சாலைப் படத்தையோ, 2011இல் மூடப்பட்ட தஞ்சோங் பகார் ரயில் நிலையத்தின் படத்தையோ பெரிதாக அச்சிட்டுக் கையில் கொடுத்து, "இங்கே எப்போதும் கூட்டமாக இருக்குமாமே" என்று பேச்சைத் தொடங்கலாம். ஏறத்தாழ 10 முதல் 30 வயதுக்குள் பதிந்த நினைவுகளே பெரும்பாலும் நீண்டகாலம் நிற்பதால், அவர்களுடைய இளமைக்காலத்துப் படங்களாகத் தேர்ந்தெடுங்கள். ஆண்டைத் தவறாகச் சொன்னால் திருத்த வேண்டாம்.

சொல் தடுமாறுபவருக்குக் கைவேலை இன்னும் பொருந்தும். உதிரி மல்லிகையையும் நூலையும் முன்னே வைத்தால், பேத்தியின் பெயர் வராத பாட்டியின் விரல்கள்கூட இரண்டிரண்டு பூவாக எதிரெதிரே வைத்து முடிச்சிடத் தொடங்குவதுண்டு. கை பழகிய வேலைகளின் நினைவை மூளையின் வேறு பகுதிகள் காப்பதே இதற்குக் காரணம். சரம் கோணலாக வந்தாலும் அவிழ்த்துக் கட்டாதீர்கள்.

மாலையில் பலருக்குக் குழப்பம் கூடும் என்பதால், காலைக் காப்பிக்குப் பிறகு அரை மணி நேரம் போதும். ஜப்பானியர் ஆட்சிக்காலப் படங்களை, அவராகப் பேச்செடுத்தாலன்றி, நான் காட்டமாட்டேன். முகம் வாடினால் படத்தை எடுத்துவிட்டு, அவருக்குப் பிடித்த பழைய பாடலை ஒலிக்கவிடலாம்.