பதின்பருவத் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குத் திகில் படம்: காட்டலாமா என்று முடிவெடுப்பது எப்படி?

"வகுப்பில் எல்லோரும் பார்த்துவிட்டார்கள்" என்ற பீடிகையோடுதான் இந்தக் கோரிக்கை பெரும்பாலும் வரும். பன்னிரண்டிலிருந்து பதினான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகள் ஒரு திகில் படத்தின் பெயரைச் சொல்லி அனுமதி கேட்கும்போது, பெற்றோரில் பலர் அந்த நொடியிலேயே சரி என்றோ கூடாது என்றோ சொல்லிவிடுகிறார்கள். "நாளைக்குச் சொல்கிறேன்" என்று ஒரு நாள் அவகாசம் வாங்கிக்கொள்வது நல்லது. அந்த ஒரு நாளில் கண்டறிய வேண்டியவை இரண்டு: அந்தப் படம் எதைக் கொண்டு பயமுறுத்துகிறது என்பதும், அந்தப் பயம் உங்கள் வீட்டுப் பிள்ளையிடம் எத்தனை இரவுகள் தங்கக்கூடும் என்பதும். எவ்வளவு பயங்கரமான படம் என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

முதலில் தணிக்கைச் சான்றைப் பாருங்கள்; ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பின் யு/ஏ என்ற பழைய பிரிவு, 7, 13, 16 ஆகிய வயதுகளைக் குறிக்கும் மூன்று உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டது. இவை பெற்றோருக்கான வழிகாட்டுதல்களே தவிர, தடைகள் அல்ல; பதினெட்டு வயது நிரம்பாதோருக்குத் தடை என்பது ஏ சான்றுக்கு மட்டுமே உரியது. பதின்மூன்று வயதுக்குக் குறைந்தோரின் பெற்றோரை எச்சரிக்கும் அமெரிக்காவின் பிஜி-13 பிரிவு 1984இல் வந்தது. பிரிட்டனில் 12ஏ (பன்னிரண்டுக்குக் குறைந்தவர்கள் பெரியவர் துணையோடு மட்டும் பார்க்கலாம்), 15, 18 என்ற வரிசை உண்டு. அங்கே 15 சான்று பெற்ற படத்துக்கு அந்த வயதுக்குக் குறைந்தவர்களைப் பெற்றோர் உடன் வந்தாலும் திரையரங்கில் அனுமதிக்கமாட்டார்கள். ஒரே படம் அமெரிக்காவில் பிஜி-13 ஆகவும் பிரிட்டனில் 15 ஆகவும் இருப்பது உண்டு என்பதால், இரண்டு மூன்று நாடுகளின் சான்றுகளை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். சான்றுகள் ஒத்துப்போகாத படத்தைக் கூடுதல் எச்சரிக்கையோடு அணுக வேண்டும்.

சான்று ஏன் போதாது என்பதற்கு 2012இல் வெளிவந்த 'தி உமன் இன் பிளாக்' என்ற பேய்ப் படம் நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனில் 12ஏ சான்று பெறுவதற்காகச் சில நொடிக் காட்சிகள் வெட்டப்பட்டன, சில காட்சிகள் இருட்டாக்கப்பட்டன, சில இடங்களில் ஒலியின் அளவும் குறைக்கப்பட்டது. அப்படியிருந்தும் அந்த ஆண்டில் அந்நாட்டுத் தணிக்கை அமைப்புக்கு மிக அதிகமான புகார்கள் வந்தது அந்தப் படத்துக்குத்தான். இரத்தத்தையும் கெட்ட வார்த்தைகளையும் எண்ணிவிடலாம். காலியான தாழ்வாரத்தை ஒரு நிமிடம் காட்டிக்கொண்டே இருப்பதால் விளையும் பயத்தை எந்த அளவுகோலில் அளப்பது? இன்னொன்று, இணையத் தளங்களில் கிடைக்கும் பதிப்பு சில சமயம் திரையரங்கில் வெளியான பதிப்பைவிட நீளமாகவும் வெட்டில்லாமலும் இருக்கும். ஆகவே சான்று எந்தப் பதிப்புக்கு வழங்கப்பட்டது என்பதையும் கவனியுங்கள்.

எந்த வயதில் எது பயமுறுத்தும் என்பது பற்றி அமெரிக்க ஆய்வாளர் ஜோன் கேன்டர் பல ஆண்டுகள் ஆராய்ந்திருக்கிறார். மிகச் சிறிய குழந்தைகள் தோற்றத்தைக் கண்டு பயப்படுகிறார்கள். கோரைப்பல்லும் கோணல் முகமும் போதும். வயது ஏற ஏறத் தோற்றத்தின் பிடி தளர்ந்து, நிஜத்தில் நடக்கக்கூடியவை பற்றிய அச்சம் வலுவடைகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்தாலே பெற்றோரின் வழக்கமான கணக்கு தலைகீழாகிவிடும். கொம்பு முளைத்த பூதம் வரும் படத்தைப் பார்த்து நாம் தயங்குகிறோம். பதின்மூன்று வயதுப் பிள்ளைகளோ அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். பூட்டிய வீட்டுக்குள் அந்நியன் ஒருவன் ஏற்கெனவே ஒளிந்திருப்பது, கடத்தல், கண்ணுக்குத் தெரியாத நோய், பாசமான தாய் மெல்ல மெல்ல வேறொருத்தியாக மாறுவது போன்றவை அவர்களை நள்ளிரவில் விழிக்க வைக்கும். "உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது" என்ற ஒற்றை வரி, இந்த வயதில், படத்தில் உள்ள எந்தப் பேயைவிடவும் அதிக வேலை செய்கிறது. விளம்பரத்துக்காகப் போடப்படும் அந்த வரியைப் பெரியவர்கள் பாதி நம்பிக்கையோடு படிக்கிறோம். பிள்ளைகள் முழுதாக நம்பிவிடுகிறார்கள்.

கூடுமானால் படத்தை முதலில் நீங்கள் தனியாகப் பாருங்கள். காய்கறி நறுக்கிக்கொண்டே ஓரக்கண்ணால் பார்ப்பது இதற்கு உதவாது. பார்க்கும்போது பயம் எத்தகையது என்று பிரித்தறிந்து குறித்துக்கொள்ளுங்கள். திடீர் ஒலியோடு எதையாவது முன்னால் பாய்ச்சித் தூக்கிவாரிப் போட வைப்பது ஒரு வகை. அது அடுத்த சில நிமிடங்களில் சிரிப்பாகக் கரைந்துவிடுவதே வழக்கம். குடல் சரிவதையும் எலும்பு முறிவதையும் காட்டி வயிற்றைப் புரட்டுவது இன்னொரு வகை. சிலருக்கு அது ஒன்றுமே செய்யாது, சிலருக்கு உணவே இறங்காது. மூன்றாவது வகை, எதையும் தெளிவாகக் காட்டாமல் மனத்துக்குள் சொட்டுச் சொட்டாக ஊறும் அச்சம். இதில்தான் நான் மிகவும் தயங்குவேன். படம் ஓடும்போது பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்திருப்பதால் அது அவர்களைப் பாதிக்கவில்லை என்று நாம் ஏமாந்துவிடுகிறோம். விளக்கணைத்த பிறகுதான் அது தொடங்கும். தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளுதல், பாலியல் வன்முறை, குழந்தைகள் வதைக்கப்படுதல் ஆகியவை கதையில் இருந்தால், அது திகில் என்ற வகைக்குள்ளேயே அடங்காது. அவற்றைத் தனியாக எடைபோட வேண்டும். இந்த வயதில் அவற்றுக்கு இடம் கொடுக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

முழுப் படத்தையும் பார்க்க நேரமில்லை என்றால், கதைச் சுருக்கத்தை முடிவு உட்படப் படித்துவிடுங்கள். காமன் சென்ஸ் மீடியா போன்ற தளங்களிலும், ஐஎம்டிபி என்ற திரைப்படத் தகவல் தளத்தில் பெற்றோருக்கென உள்ள பகுதியிலும், பிரிட்டன் தணிக்கை அமைப்பின் தளத்திலும் எந்தக் காட்சியில் என்ன வருகிறது என்ற விவரம் கிடைக்கும். முன்னோட்டத்தை நம்பி முடிவெடுக்காதீர்கள். கலகலப்பான படத்தைக் கொடூரமாகவும் கொடூரமான படத்தைக் கலகலப்பாகவும் காட்டுவது அதைத் தொகுப்பவர்களுக்குக் கைவந்த கலை.

எதைத் தவிர்த்தாலும் கடைசிப் பத்து நிமிடங்களைப் பார்ப்பதைத் தவிர்க்காதீர்கள். பயத்தால் உடலில் எழும் கிளர்ச்சி உடனே அடங்குவதில்லை என்றும், அடுத்து வரும் உணர்ச்சியோடு அது கலந்து அதைப் பெருக்கிவிடுகிறது என்றும் உளவியலாளர் டால்ஃப் சில்மன் விளக்கினார். ஆபத்து நீங்கி, மீட்சியோடு படம் முடிந்தால் எஞ்சியிருக்கும் படபடப்பு நிம்மதியைப் பெரிதாக்குகிறது. திகில் படத்தை நாம் விரும்புவதற்கு இதுவும் ஒரு காரணம். தீமை வென்று, கடைசிச் சட்டகத்தில் அது இன்னொரு வீட்டின் கதவைத் தட்டுவதோடு முடிந்தால், அதே படபடப்பு இறங்க இடமில்லாமல் படுக்கைவரை கூடவே வந்துவிடும். ஆகவே நடுவில் மிகவும் மிரட்டினாலும் தெளிவாக முடியும் படத்தை, மிதமாக மிரட்டிவிட்டு முடிவைத் திறந்தே விட்டுவிடும் படத்தைவிட இந்த வயதுக்கு ஏற்றதாகக் கருதுகிறேன்.

இனி, படத்தை விட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். ஒரே வயதில் உள்ள இருவரில் ஒருவர் பேய் முகமூடிகளைச் சேகரிப்பவராகவும் மற்றவர் குளியலறைக் கண்ணாடியை இரவில் பார்க்க மறுப்பவராகவும் இருக்கலாம். முன்பு எந்தக் காட்சி தூக்கத்தைக் கெடுத்தது, அது எத்தனை நாள் நீடித்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். அவர்களிடமே கேட்டால், நாம் அறியாத ஒன்றைச் சொல்லக்கூடும். எனக்குப் பன்னிரண்டு வயதில் பார்த்த படமொன்றில் வந்த பேயின் முகம் இப்போது நினைவில் இல்லை. ஆனால் யாரும் தொடாமலே மெல்லத் திறந்த அலமாரிக் கதவு நினைவில் இருக்கிறது. பல மாதங்கள் அலமாரியைச் சாத்திவிட்டு நாற்காலியை அதன்மேல் சாய்த்து வைத்துத்தான் உறங்கினேன். அதை வீட்டில் ஒருவரிடமும் சொன்னதில்லை. அண்மையில் குடும்பத்தில் மரணம் நேர்ந்திருந்தாலோ, வீடு மாறியிருந்தாலோ, பெற்றோர் பிரிந்திருந்தாலோ, கதையில் அதே சூழல் வருகிறதா என்று பாருங்கள். வந்தால், அந்தப் படத்தைச் சில மாதங்கள் தள்ளிப்போடுவது நல்லது.

நண்பர் வீட்டில் இரவு தங்கிப் பார்க்கும் திட்டம் என்றால் கணக்கு வேறு. அங்கே பயத்தைவிட, பயப்படாததுபோலக் காட்டிக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. அந்த வீட்டுப் பெரியவர்களிடம் என்ன படம், அருகில் யார் இருப்பார்கள் என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள். அதோடு, பிள்ளைகள் மானம் இழக்காமல் வெளியேற ஒரு வழியை முன்னரே செய்துகொடுங்கள். "தலை வலிக்கிறது" என்று செய்தி அனுப்பினால், வேறு காரணம் சொல்லி நீங்களே வந்து அழைத்துச் செல்வது என்று பேசி வைத்துக்கொள்ளலாம். பழி உங்கள்மேல் இருக்கட்டும்.

காட்டுவது என்று முடிவாகிவிட்டால், பகலில் அல்லது மாலையின் தொடக்கத்தில், விளக்கை எரியவிட்டு, உடன் அமர்ந்து பாருங்கள். ஒலியைக் குறைத்து வைப்பது நாம் நினைப்பதைவிட அதிகம் உதவும். மிரட்டலில் பெரும்பகுதி காதின் வழியாகத்தான் வருகிறது. எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள் என்று தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். தம்பி தங்கையர் அடுத்த அறையில் விழித்திருந்தால் அவர்களுக்கும் சத்தம் கேட்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒளிக்கு வலிப்பு வரும் தன்மை உள்ளவர்களுக்கு, வேகமாக வெட்டி வெட்டி மின்னும் ஒளிக்காட்சிகள் இல்லை என்பதை உறுதிசெய்த பின்னரே எந்தப் படத்தையும் காட்ட வேண்டும்.

முடிந்தவுடன் "பயமாக இருந்ததா?" என்று கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். "எந்த இடம் உனக்கு அபத்தமாகப் பட்டது? அந்த உருவத்தை எப்படிச் செய்திருப்பார்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், ஒப்பனை, இசை, படத்தொகுப்பு என்று பேச்சு நகரும்போது பயந்த இடமும் தானாக வெளிவரும். அடுத்த சில நாள்கள் விளக்கை அணைக்காமல் படுப்பது, தனியே மாடிக்குப் போகத் தயங்குவது, காரணமில்லாத வயிற்றுவலி ஆகியவை தென்பட்டால் கேலி செய்யாமல் உடன் இருங்கள். பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தணிந்துவிடும். அதற்கு மேலும் தூக்கமோ பள்ளிக்குச் செல்வதோ பாதிக்கப்பட்டால் குழந்தை நல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ அணுகுங்கள்.

கூடாது என்று முடிவெடுத்தாலும் காரணத்தை அப்படியே சொல்லுங்கள். "நீ சின்னப் பிள்ளை" என்பது காரணமாகாது. "கடைசியில் அந்தக் குடும்பத்துக்கு நேர்வது எனக்கே இரண்டு நாள் மனத்தைவிட்டு அகலவில்லை" என்பது காரணம். அந்தப் படத்தை மீண்டும் எப்போது கேட்கலாம் என்று ஒரு காலத்தையும், இந்த வாரமே சேர்ந்து பார்க்க இன்னொரு திகில் படத்தின் பெயரையும் கூடவே சொல்லிவிட்டால், ஒளித்து வைத்துப் பார்க்கும் அவசியம் குறையும்.