காம்போசிட் அடைப்பு: சுருக்கத்தின் இழுவையைக் குறைக்க விளக்கைப் பிடிக்கும் முறை

காம்போசிட் (பல் நிற ரெசின் அடைப்புப் பொருள்) நீல ஒளி விளக்கால் இறுகும்போது கன அளவில் ஏறக்குறைய 2 முதல் 3 சதவீதம் சுருங்கும். எந்த விளக்கை வாங்கினாலும் இது மாறாது. அந்தச் சுருக்கம் பல்லை இழுக்கும் இழுவையைத்தான் நம்மால் தணிக்க முடியும். அடைத்த பல்லில் கடிக்கும்போது வலி, எனாமல் விளிம்பில் வெள்ளைக் கோடு என்று நோயாளி திரும்பி வந்தால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எட்சிங் (அமிலத்தால் பல்லைச் சொரசொரப்பாக்குவது), பாண்டிங் (ஒட்டுப்பசை பூசுவது) முடிந்து குழி தயார் என்று வைத்துக்கொள்வோம்.

விளக்கை ரேடியோமீட்டரில் (ஒளியின் வலிமையைக் காட்டும் கருவி) வைத்து அளந்துவிடுங்கள். நீல ஒளி பளிச்சென்று தெரிவதை நம்பக் கூடாது; முனையில் ஒட்டிக் காய்ந்த காம்போசிட் துணுக்கே ஒளியை மறித்துவிடும். சதுர சென்டிமீட்டருக்கு 1000 மில்லிவாட் இருந்தால் 20 வினாடியில் 20 ஜூல் சேரும். 500 தான் காட்டுகிறது என்றால் 40 வினாடி பிடிக்க வேண்டும்.

அடுத்து, 2 மில்லிமீட்டருக்கு மிகாமல் சாய்வாக அடுக்குங்கள். எதிரெதிர்ச் சுவர்களை ஒரே அடுக்கால் இணைக்காதீர்கள். கிளாஸ் ஒன் குழியில் (பெரும்பாலும் கடைவாய்ப் பல்லின் மெல்லும் பரப்பில் வருவது) ஐந்து பக்கமும் ஒட்டியிருக்கும், ஒரு பக்கம்தான் திறந்திருக்கும். இழுவை கடுமையாவது அங்கேதான்.

இனி சாஃப்ட் ஸ்டார்ட், அதாவது குறைந்த ஒளியில் தொடங்கிப் பிறகு கூட்டுவது. என்னை நெடுநாள் குழப்பிய படி இது. குறைந்த ஒளியில் தொடங்கினால் சுருக்கமே குறையும் என்று பலர் சொல்வார்கள். அப்படியல்ல. எவ்வளவு மோனோமர் (தனித்தனி மூலக்கூறுகள்) சங்கிலியாக இணைந்து பாலிமராகிறதோ அவ்வளவு சுருக்கம் வந்தே தீரும். மாறுவது வேகம் மட்டுமே. முழு ஒளி பட்டால் காம்போசிட் சில வினாடிகளில் கூழ்நிலையைத் தாண்டி விறைத்துவிடும். அதற்குப் பிறகு வரும் சுருக்கமெல்லாம் பாண்டிங்கைத்தான் இழுக்கும். மெல்லத் தொடங்கினால், விறைப்பதற்குள் திறந்த பக்கத்திலிருந்து பொருள் சற்று நகர்ந்து கொடுக்கும். ஆனால் தொடக்கத்தில் குறைத்த ஒளியைக் கடைசியில் ஈடுகட்டியே ஆக வேண்டும். அரைகுறையாக இறுகிய அடைப்பும் குறைவாகத்தான் சுருங்கும். அது விரைவில் தேய்ந்து நிறம் மாறும்.

எனாமலைத் தொடும் கடைசி அடுக்குக்கு நான் விரும்புவது பல்ஸ் டிலே: 200 மில்லிவாட்டில் 3 வினாடி, ஏறக்குறைய 3 நிமிட இடைவெளி, பிறகு முழு ஒளி. இடைவெளியில் வடிவத்தைத் திருத்தலாம். அடுக்கும்போதே நாற்காலி விளக்கை ஒதுக்கித் திருப்பிவிடுங்கள். அந்த ஒளியிலேயே காம்போசிட் இறுகத் தொடங்கிவிடும்.

பத்து மோடு உள்ள விளக்கைவிட, முனை அகலமாகவும் ஒளி சிதறாமலும் இருக்கும் சாதாரண எல்இடி விளக்கே மேல்.

பின்சேர்க்கை: பல்க் ஃபில்லுக்கும் (தடித்த அடுக்காக வைக்கும் காம்போசிட்) இது பொருந்துமா என்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். அவற்றில் பலவற்றை 4 மில்லிமீட்டர் வரை ஒரே அடுக்காக வைக்கலாம். ஒளியின் அளவில் மட்டும் சலுகை இல்லை. 3 வினாடி அதிவேக மோடை அதற்கென்றே தயாரித்த காம்போசிட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கிளாஸ் டூ குழியின் (அடுத்த பல்லைத் தொடும் பக்கத்தில் வரும் கடைவாய்ப் பல் குழி) அடித்தளம் முனையிலிருந்து பல மில்லிமீட்டர் கீழே இருப்பதால், அங்குள்ள முதல் அடுக்குக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். பல் சூடேறாமலிருக்க, உதவியாளரைப் பக்கத்திலிருந்து காற்று ஊதச் சொல்லுங்கள்.