ஒரே பெயரில் இரண்டு செடிகள்: சிலந்தி ஆர்க்கிட் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்து நர்சரிகளில் ‘ஸ்பைடர் ஆர்க்கிட்’ என்று கேட்டால் எந்தச் செடி கைக்கு வரும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிராசியா என்ற ஆர்க்கிட்டும் அந்தப் பெயரில்தான் விற்கிறது, அராக்னிஸ் என்ற வேறோர் ஆர்க்கிட்டும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. போதாக்குறைக்கு, ஆர்க்கிட் குடும்பத்தோடு உறவே இல்லாத, வெங்காயம் போன்ற கிழங்கிலிருந்து முளைக்கும் ஸ்பைடர் லில்லியையும் சிலர் இதே கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். இந்தச் செடிகள் எங்கள் பக்கத்தில் வீணாவதற்குக் கவனக்குறைவு பெரும்பாலும் காரணமன்று. ஒன்றுக்குச் சொன்ன பக்குவத்தை மற்றொன்றுக்குச் செய்வதே காரணம் என்பது என் அனுபவம்.

பிராசியா, அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகளில் மரங்களின் மீது வளர்வது. 1813ஆம் ஆண்டில் ராபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர், வில்லியம் பிராஸ் என்பவரின் நினைவாக இதற்குப் பெயரிட்டார். இலைகளுக்கு அடியில் தட்டையான பச்சைக் குமிழ்கள் (நீர் சேர்த்துவைக்கும் பருத்த தண்டுகள்) இருந்தால் அது பிராசியா. அராக்னிஸ் தென்கிழக்கு ஆசியாவைச் சேர்ந்தது, குமிழ் கிடையாது, ஒரே தண்டு மேல்நோக்கி நீண்டு, இருபுறமும் இலைகளை அடுக்கிக்கொண்டு, இடையிடையே தடித்த வேர்களை விடும். முன்னதற்கு ஐம்பது சதவீத நிழல்வலை வேண்டும். பின்னதற்கு நல்ல வெயிலும், பற்றி ஏற ஒரு கம்பமும் வேண்டும். குமுளியில் வாங்கிய பிராசியாவை, மலையடிவாரத்தில் கம்பம் ஊரிலிருக்கும் என் தங்கை மொட்டைமாடியில் வைத்தாள்; மலை இறங்கிய இரண்டாம் வாரத்திலேயே இலைகள் வெந்து வெளுத்துவிட்டன. நானோ அராக்னிஸைப் பலாமரத்து நிழலில் மூன்று ஆண்டுகள் வைத்துக்கொண்டு, ஏன் பூக்கவில்லை என்று அதற்கு உரம் போட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்த தவறு மண். பூச்செடி என்றாலே செம்மண்ணும் சாணமும் என்று பழகிய கை, ஆர்க்கிட்டையும் தொட்டியில் புதைத்துவிடுகிறது. இந்த வேர்களின் மேல் பஞ்சு போன்ற வெண்ணிற உறை ஒன்று இருக்கிறது. தண்ணீர் பட்டதும் அது பச்சையாக மாறுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம், காய்ந்ததும் மீண்டும் வெளுக்கும். இப்படி நனைந்து காய்வதற்கென்றே அமைந்த வேர் மண்ணுக்குள் மூச்சுத் திணறி அழுகுகிறது. பிராசியாவுக்குக் கரித்துண்டு, ஓட்டுச்சில்லு, சிறிதளவு தேங்காய் மட்டைத் துண்டு போதும். இடவப்பாதி மழை, அதாவது தென்மேற்குப் பருவமழை, தொடங்கும் முன் சட்டியைத் தாழ்வாரத்துக்கு நகர்த்திவிட வேண்டும். தென்னைநார்த் தூளை மட்டும் நிரப்பி மழையில் விட்டால், ஆவணிக்குள் வேர் கூழாகிவிடும்.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பிராசியாவின் புது இலைகள் சில சமயம் விசிறி மடிப்பு போலக் குறுக்கே சுருங்கிச் சுருங்கி வெளிவரும். தளிர் வளரும் காலத்தில் அதற்குப் போதிய நீர் எட்டவில்லை என்பதன் அடையாளம் அது. ஆனால், தண்ணீர் ஊற்றாததால்தான் அப்படி ஆனது என்று எண்ணிவிடக் கூடாது. வேர் அழுகியிருந்தாலும், சட்டியில் தண்ணீர் தேங்கி நிற்கும்போதே செடிக்குள் வறட்சி ஏற்படும். மேலும் ஒரு செம்பு ஊற்றுவதற்கு முன், செடியை உருவி வேரை அழுத்திப் பாருங்கள்: கெட்டியாக இருந்தால் தண்ணீர் குறைவு; உறை நழுவி உள்ளிருக்கும் நரம்பு மட்டும் விரலில் நின்றால் அழுகல். அழுகியதை வெட்டிவிட்டு, புதிய கலவையில் மாற்றி நடவேண்டும். மடிந்த இலை மீண்டும் நேராகாது; அடுத்து வரும் இலைதான் நேராக வரும்.

இலை உதிர்ந்த பழைய குமிழ்களைச் செத்ததென்று வெட்டி எறிவதும் தவறு. அவற்றிலுள்ள நீரும் சத்தும்தான் புதுத் தளிருக்குப் போகின்றன. பிரித்து நடும்போது ஒரு பகுதிக்கு மூன்று குமிழ்களாவது இருக்கட்டும்.

பிராசியாவை மரத்தில் கட்டினால் மரம் பட்டுப்போகும் என்ற பயம் வேண்டாம். இது புல்லுருவி அல்ல. மரத்தின் சாற்றை உறிஞ்சாமல், பட்டையைப் பிடிமானமாக மட்டும் கொள்கிறது. ஆனால், பெரியாறு காட்டிலிருந்து பிடுங்கிவந்த பிராசியா என்று யாராவது விற்றால், அது பொய். அந்தக் காட்டில் பிராசியா இயற்கையாக வளர்வதே இல்லை. காட்டிலுள்ள வேறு ஆர்க்கிட்டுகளைப் பறிப்பதோ சட்டப்படி குற்றம்.

பூவின் உருவத்தைப் பற்றியும் ஒரு தவறான கருத்து உண்டு: பூச்சிகளைப் பயமுறுத்தவே அது சிலந்தி போல இருக்கிறது என்பார்கள். ஆய்வாளர்களின் விளக்கம் நேர்மாறானது. வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டும் குளவி, சிலந்தியைக் கொட்டி மயக்கி, தன் குஞ்சுகளுக்காக உள்ளே அடைப்பதை நாம் பார்த்திருப்போம். பிராசியாவின் சொந்த நாட்டிலும் சிலந்தி வேட்டையாடும் பெண் குளவிகள் உண்டு. அவை பூவின் உதட்டிதழைச் சிலந்தியென்று கருதிக் கொட்டவும் பிடிக்கவும் முயலும்போது மகரந்தம் உடலில் ஒட்டிக்கொள்கிறது என்பதே அவ்விளக்கம். ஐரோப்பாவின் சிலந்தி ஆர்க்கிட் வேறு வகை. அது பெண் தேனீயின் மணத்தைப் போலியாக வீசி ஆண் தேனீயை ஏமாற்றுகிறது. ஆகவே, தன் சொந்த நாட்டுக் குளவிகள் இல்லாத இடத்தில் நம் வீட்டுப் பிராசியா காய் பிடிக்காததற்குச் செடியைக் குறை சொல்ல வேண்டாம். காய்த்தாலும் தூசி போன்ற அதன் விதை, உதவும் பூஞ்சை கிடைக்காவிட்டால் முளைக்காது.

பூவின்மேல் நிஜச் சிலந்தி உட்கார்ந்திருந்தால் மருந்தடிக்காமல் விட்டுவிடுங்கள். கோடையில் இலையின் அடிப்புறம் வெள்ளி பூசியதுபோல் புள்ளி விழுகிறதா என்று பாருங்கள். அது செஞ்சிலந்திப் பேனின் வேலை, ஆரம்பத்திலேயே ஈரத்துணியால் துடைத்தால் கட்டுப்படும்.