குகையும் மலைக்கிராமமும் ஒரே நாளில்: சியாங் மாய் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

வடக்குத் தாய்லாந்தில் இருக்கும் சியாங் மாயின் பழைய நகரத்துக்குள் நடந்தால் பத்தடிக்கு ஒரு டூர் கடை. எல்லாக் கடை வாசலிலும் ஏறக்குறைய ஒரே பலகைதான்: கழுத்தில் பித்தளை வளையம் போட்ட ஒரு பெண், பக்கத்தில் குகைக்குள் ஒரு புத்தர், கீழே மதியச் சாப்பாட்டோடு சேர்த்து இவ்வளவு பாட் என்று ஒரு விலை. காலை எட்டு மணிக்கு விடுதி வாசலுக்கு வேன் வரும், மாலை ஐந்தரைக்குத் திரும்பக் கொண்டுவந்து விடும். முதல் முறை போனபோது நானும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் பணம் கட்டினேன்.

ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. பலகையில் இருந்ததையெல்லாம் காட்டினார்கள். குகையில் 25 நிமிடம். கிராமம் என்ற பெயரில் இரண்டு வரிசைக் கடைகளுக்கு நடுவே 20 நிமிடம். கேட்காமலே சேர்த்துக் கொடுத்த ஆர்க்கிட் பண்ணையில் முக்கால் மணி நேரம். மீதிப் பொழுதெல்லாம் வேன். எந்தக் குகை, எந்தக் கிராமம், எங்கே எவ்வளவு நேரம் என்று மூன்று கேள்வி கேட்டிருந்தால் போதும், அந்த நாள் தப்பியிருக்கும். இந்தப் பயணத்தில் கெட்டுப்போகிற பெரும்பாலான விஷயங்கள் வேனில் ஏறுவதற்கு முன்பே கெட்டுவிடுகின்றன.

எந்தக் குகை?

வடக்குத் தாய்லாந்தில் சுண்ணாம்புக்கல் மலைகள் அதிகம், அதனால் குகைகளுக்கும் குறைவில்லை. தாய்லாந்து மொழியில் குகைக்கு 'தாம்' என்று பெயர். தாம் என்று தொடங்கும் எதைப் பார்த்தாலும் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்வது நம்மவர்களின் வழக்கமான தவறு.

சியாங் தாவ் குகை சியாங் மாயிலிருந்து வடக்கே சுமார் 75 கிலோமீட்டரில் இருக்கிறது. 107ஆம் எண் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் தோய் லுவாங் மலையின் அடிவாரம் அது. காலையில் குகை, மதியத்துக்கு மேல் ஒரு கிராமம் என்று ஒரு நாளுக்குள் அடக்கச் சரியான இடம்.

தாம் லோட் வேறு திசையில், மே ஹோங் சோன் மாகாணத்தில் இருக்கிறது. நாம் லாங் ஆறு குகையின் ஒரு வாயில் நுழைந்து மறு வாயில் வெளியேறுகிறது, மூங்கில் தெப்பத்தில் உட்கார்ந்தபடியே உள்ளே போகலாம். கடைசி அறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தேக்குமரச் சவப்பெட்டிகள் கிடக்கின்றன. பொழுது சாயும்போது உழவாரக் குருவிகள் கூட்டம் கூட்டமாகக் குகைக்குள் திரும்பும். இரண்டில் எது அழகு என்று கேட்டால் யோசிக்காமல் தாம் லோட் என்பேன். ஆனால் அதைச் சியாங் மாயிலிருந்து ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பாய் என்ற ஊர் வரைக்குமே 762 வளைவுகள். அந்த எண்ணை டிஷர்ட்டில் அச்சடித்தே விற்கிறார்கள். பாய் போய்ச் சேர மூன்று மணி நேரம், அங்கிருந்து இன்னும் ஒரு மணிக்கு மேல். போக வர எட்டு மணி நேரம் வேனில் குலுங்கி, நடுவில் இரண்டு முறை வாந்தி எடுத்து, குகையைப் பார்க்க என்ன தெம்பு மிஞ்சும்? பாயில் ஒரு இரவு தங்கி, அங்கிருந்து புறப்படுங்கள். அந்த வட்டாரத்திலேயே மலை முகட்டில், லாஹு என்ற மலைவாழ் மக்களின் ஜாபோ கிராமம் இருக்கிறது. பள்ளத்தாக்குக்கு மேலே காலைத் தொங்கப்போட்டபடி நூடுல்ஸ் சாப்பிடும் கடையால் பேர் வாங்கிய ஊர்.

மூன்றாவது, சியாங் ராய் மாகாணத்தின் தாம் லுவாங். 2018 ஜூன் 23 அன்று 12 சிறுவர்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் உள்ளே போய், மழைவெள்ளம் வழியை அடைத்துவிட, ஜூலை 10 வரை மீட்புப் பணி நடந்ததே, அந்தக் குகை. முன்னாள் கடற்படை வீரர் சமன் குனான் அங்கே உயிர்விட்டார். 'ஜூலை முதல் நவம்பர் வரை உள்ளே போகாதீர்கள்' என்று வாயிலில் எச்சரிக்கை இருந்தது. அந்த ஆண்டு மழை அந்தத் தேதிக்காகக் காத்திருக்கவில்லை.

இதைச் சொல்வது பயமுறுத்த அல்ல. சுண்ணாம்புக்கல் குகைகளில் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று வாயிலில் நிற்பவருக்குத் தெரியாது. மலைமேல் பெய்த மழை விரிசல்கள் வழியாக இறங்கி, இங்கே வெயில் அடிக்கும்போதுகூட உள்ளே மட்டம் ஏறும். ஜூன் முதல் அக்டோபர் வரைக்குள் போனால், 'இன்று உள்பகுதி மூடியிருக்கிறது' என்று குகையில் சொல்வதைக் கேட்டு, சரி என்று திரும்பிவிடுங்கள். கட்டிய பணத்தைக் காட்டி வழிகாட்டியை நச்சரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அதில் தமிழ்க் குரலும் உண்டு.

விளக்கு எரியும் இடத்தோடு திரும்பிவிடுவது

சியாங் தாவ் குகையில் மின்விளக்கு போட்ட பகுதி தாம் ப்ரா நோன், அதாவது சயன புத்தர் குகை. சுமார் 360 மீட்டர். படியும் கைப்பிடியும் உண்டு, தனியாகவே போய்வரலாம். பல வேன்கள் இதை மட்டும் காட்டிவிட்டுக் குகை முடிந்தது என்று ஆளைக் கிளப்பிவிடும். உண்மையான குகை அதற்கு அப்புறம்தான். தாம் மா என்ற குதிரைக் குகை 700 மீட்டருக்கு மேல், தாம் கேவ் என்ற படிகக் குகை அரை கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இவற்றில் மின்சாரம் கிடையாது. பெட்ரோமாக்ஸ் விளக்கோடு உள்ளூர்க்காரர் ஒருவர் முன்னால் நடப்பார். பெட்ரோமாக்ஸ் என்றதும் சிரிக்காதீர்கள், அந்த வெளிச்சத்தில் பாறை நிறம் மாறுவதை எந்த டார்ச்சும் காட்டாது. விளக்குக்காரருக்குத் தனிக் கூலி. அது உங்கள் டூர் கட்டணத்தில் சேர்ந்ததா என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் சில்லறை பாட் வைத்திருங்கள். வெளிநாட்டு அட்டையில் ஏடிஎம்மிலிருந்து எடுத்தால் ஒவ்வொரு முறையும் 200 பாட்டுக்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள்.

உள்ளே சில இடங்களில் குனிந்தும் தவழ்ந்தும் போக வேண்டும். முழங்கால் வலி உள்ள அம்மா அப்பாவை வற்புறுத்திக் கூட்டிப் போகாதீர்கள். வெளியே கோவில் குளத்தில் மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டு அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். ரப்பர் செருப்பு ஈரச் சுண்ணாம்புக்கல்லில் எண்ணெய் மாதிரி வழுக்கும், பிடிப்புள்ள ஷூ வேண்டும்.

இது ஒரு கோவில் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை, புத்தர் சிலையை நோக்கிக் கால் நீட்டாமை, இதெல்லாம் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சொல்ல வேண்டியது கையைப் பற்றி. தொங்கும் கற்கூம்புகள் ஆயிரம் ஆண்டில் பெரும்பாலும் ஒரு சாண்கூட வளர்வதில்லை. கையில் உள்ள எண்ணெய்ப்பசை பட்டால் தண்ணீரிலிருந்து சுண்ணாம்பு படிவதும் நின்றுபோகும். இந்தக் குகையில் ஆயிரம் ஆண்டு தவமிருந்த ஒரு ரிஷியைப் பற்றிக் கதை சொல்கிறார்கள். இங்கிருந்து ஒரு கல்லை எடுப்பவன் வழி தெரியாமல் உள்ளேயே அலைவானாம். வேதியியலைவிட இந்தக் கதைதான் குகையை நன்றாகக் காத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஒரே வளாகத்தில் ஆறு இனம்

கிராமத்தைப் பொறுத்தவரை ஒரு எளிய சோதனை. 'ஒரே இடத்தில் ஐந்து இனம், ஆறு இனம் பார்க்கலாம்' என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் கிராமம் அல்ல, கட்டணம் வாங்கிக் காட்டுவதற்காகக் குடிவைத்த இடம். கரென் மக்கள் வழக்கமாகத் தாழ்வான சரிவுகளிலும் பள்ளத்தாக்குகளிலும் ஊர் அமைப்பவர்கள். அகா, லிசு, ஹ்மாங் மக்கள் மேலே உயரத்தில். மொழி வேறு, வழிபாடு வேறு. வேலிக்குள் வரிசையாக வீடு கட்டி எல்லோரையும் அடுத்தடுத்து உட்கார வைத்தது டூர் கடைக்காரர்களின் வசதிக்கு.

கழுத்து வளையப் பெண்கள் விஷயம் இன்னும் சிக்கலானது. அவர்கள் கயான் மக்கள். மியான்மரின் கயா மாநிலத்தில் நடந்த சண்டைக்குத் தப்பி 1980களின் கடைசியிலும் 90களிலும் மே ஹோங் சோன் பக்கம் வந்தவர்கள். வளையம் கழுத்தை நீட்டுவதில்லை. அதன் எடை காறை எலும்பையும் விலாவையும் கீழே அழுத்துவதால் கழுத்து நீண்ட மாதிரி தெரிகிறது. 2008இல் சில கயான் அகதிகள் நியூசிலாந்தில் குடியேற வாய்ப்பு வந்தும் தாய்லாந்து வெளியேற அனுமதிக்காமல் இழுத்தடித்தபோது, ஐ.நா. அகதிகள் முகமையே கேள்வி எழுப்பியது. மனிதக் காட்சிசாலை என்ற சொல் பரவலாக அடிபட்டது அப்போதுதான். போகவே கூடாது என்பவர்கள் இருக்கிறார்கள், நாம் போகாவிட்டால் அவர்களுக்கு வருமானம் ஏது என்பவர்களும் இருக்கிறார்கள். என் கணக்கு இது: நுழைவுக்கட்டணம் யார் கைக்குப் போகிறது என்று வழிகாட்டியிடம் கேட்பேன். பதில் மழுப்பலாக வந்தால் போகமாட்டேன். மே ஹோங் சோனில் ஆற்றங்கரையில் இருக்கும் ஹுவாய் பூ கெங் போன்ற ஊரில், தறியில் உட்கார்ந்து பேசி, அங்கேயே ஒரு துண்டு வாங்கி வருவது வேறு. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுப்பது வேறு.

சியாங் தாவ் சுற்றுவட்டத்திலேயே பலாங் மக்களின் ஊர்கள் இருக்கின்றன. தங்களைத் தாராஆங் என்று சொல்லிக்கொள்கிறவர்கள், 1980களில் மியான்மரிலிருந்து வந்தவர்கள். பெண்கள் இடுப்பில் அரக்குப் பூசிய பிரம்பு வளையங்களும் வெள்ளி வளையங்களும் அணிவார்கள். வானத்திலிருந்து இறங்கிய தேவகன்னி ஒருத்தி வேடன் வைத்த கண்ணியில் சிக்கிக்கொண்டாள், அவளுடைய பிள்ளைகள்தான் நாங்கள், அந்தக் கண்ணிதான் இந்த வளையம் என்பது அவர்கள் சொல்லும் கதை. படம் எடுத்துவிட்டு வேனுக்கு ஓடினால் இந்தக் கதை கிடைக்காது. கிராமத்துக்குக் குறைந்தது இரண்டு மணி நேரம் ஒதுக்கும் டூரைத் தேடுங்கள். வழிகாட்டி அதே இனத்தவரோ அந்த மொழி பேசுகிறவரோ என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. உரிம அட்டை கழுத்தில் தொங்குகிறதா என்றும் பாருங்கள். தாய்லாந்தில் வழிகாட்டிக்கு அது சட்டப்படி கட்டாயம்.

வாசல், குழந்தை, கேமரா

அகா கிராமத்தில் ஊருக்குள் நுழையும் பாதையில் மரத்தால் ஒரு வாயில் இருக்கும். மனிதர் உலகத்தையும் ஆவிகள் உலகத்தையும் பிரிக்கும் எல்லை அது, ஆண்டுதோறும் புதிதாக நடுவார்கள். அதைத் தொடக் கூடாது. சாய்ந்து நின்று செல்ஃபி எடுத்தால் ஊரே முகம் சுளிக்கும். ஹ்மாங் வீட்டு வாசலில் இலைக்கொத்தோ பின்னிய மூங்கில் தட்டியோ தொங்கினால் உள்ளே ஏதோ சடங்கு, வெளியாள் நுழையக் கூடாது என்று அர்த்தம். நம் ஊரில் வேப்பிலை செருகிய வாசலைப் பார்த்தால் நாம் எப்படித் தயங்குவோமோ அப்படித்தான்.

குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுப்பது அன்பாகத்தான் தோன்றும். நானும் ஒரு பை நிறைய வாங்கிப் போனேன். எங்கள் வழிகாட்டி அதைக் கையில் வாங்கிக்கொண்டு, 'இங்கே பல் டாக்டர் கிடையாது' என்றார். வேன் சத்தம் கேட்டதும் வகுப்பைவிட்டு ஓடிவரும் பிள்ளைகளை யார் உருவாக்குகிறார்கள் என்றும் கேட்டார். படத்துக்குக் காசு கொடுப்பதும் இதே கணக்குதான். ஏதாவது கொடுத்தே ஆக வேண்டுமென்றால் நோட்டு, பென்சிலை ஆசிரியர் கையிலோ ஊர்த் தலைவரிடமோ கொடுங்கள். குழந்தையின் தலையைத் தடவாதீர்கள், அங்கே அது மரியாதைக் குறைவு.

ஏதோ ஆதிகாலத்தில் வாழ்கிறவர்கள் மாதிரிப் பேசுவதும் தவறுதான். 1969இல் மன்னர் பூமிபோல் தொடங்கிய திட்டத்தின் வழியாக அபினிச் செடி இருந்த சரிவுகளில் பழமும் காய்கறியும் காப்பியும் வந்தன. அகா மக்கள் விளைவிக்கும் காப்பி இன்று பாங்காக் கடைகளில் நல்ல விலைக்குப் போகிறது. இன்னொரு பக்கம், அங்கேயே பிறந்து வளர்ந்தும் குடியுரிமை இல்லாதவர்கள் ஏராளம். தாம் லுவாங்கில் மாட்டிக்கொண்ட பயிற்சியாளருக்கும் மூன்று சிறுவர்களுக்கும் குடியுரிமை இல்லை என்பது உலகத்துக்குத் தெரியவந்தது அந்த வெள்ளத்தால்தான். 2018 ஆகஸ்டில் கொடுத்தார்கள்.

சாப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். சைவம் என்று சொன்னால் இறைச்சியை எடுத்துவிட்டு மீன் சாற்றை ஊற்றித் தருவார்கள். 'ஜே' என்ற சொல்லைச் சொல்லுங்கள், மீன் சாறும் முட்டையும்கூட இல்லாத சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் முதல் நாளே சொல்லியாக வேண்டும், வேனில் ஏறிய பிறகு சொன்னால் வெறும் சோறும் வாழைப்பழமும்தான். மாதத்தைப் பொறுத்தவரை நவம்பர் முதல் ஜனவரி வரை உத்தமம், அதிகாலைக்கு ஸ்வெட்டர் வேண்டும். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயலும் காடும் எரியும் புகைக்காலம். எதிரே நிற்கும் தோய் லுவாங் மலையே தெரியாது, ஆஸ்துமா இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

போகும் கிழமையை நீங்களே தேர்ந்தெடுக்க முடியும் என்றால் செவ்வாய்க்கிழமை போங்கள். அன்று காலையில் சியாங் தாவ் ஊரில் சந்தை கூடும். குகைக்கு முன்னால் அரை மணி நேரம் அங்கே நிறுத்தச் சொன்னால் வழிகாட்டிகள் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மலையிலிருந்து இறங்கி வந்த லாஹு, லிசு, பலாங் பெண்கள் கீரையும் இஞ்சியும் காட்டுக் காளானும் விற்றுவிட்டு, உப்பும் பிளாஸ்டிக் வாளியும் வாங்கிக்கொண்டிருப்பார்கள். வெயில் ஏறுவதற்குள் சந்தை கலைந்துவிடும், அதனால் வேனை ஏழு மணிக்கே வரச் சொல்லுங்கள்.