தொட்டிலில் காய்க்கும் பச்சை மிளகாய்

மகனுக்கு இப்போது 15 வயது. அவன் படுத்த தொட்டிலில் நான் மிளகாய் வளர்க்கிறேன். கனடாவில், டொரண்டோவின் ஸ்காபரோவில் எங்கள் வீட்டு நிலக்கீழ் அறையில், கொதிகலனுக்குப் பக்கத்தில் அந்தத் தொட்டில் நிற்கிறது. பெரிதாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியது விளக்கு மட்டும்தான். மற்றதில் அநேகம் வீட்டில் கிடந்தவை, அல்லது குப்பை எடுக்கும் நாளுக்கு முதல் நாள் தெருவோரம் கிடந்தவை.

மிளகாயைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. செவ்வந்தி மாதிரி, இரவு நீண்டால்தான் பூப்பேன் என்று அது அடம்பிடிக்காது. பகலின் நீளத்தைக் கணக்கெடுக்காமல், வயது வந்ததும் பூக்கும். அதனால் விளக்கை எந்த நேரம் எரித்தாலும் அதற்கு ஒன்றுதான். எங்களிடம் இரவு 7 மணி முதல் காலை 7 மணி வரை மின்சாரம் மலிவு. டைமரை இரவு 7 மணிக்குத் தொடங்க வைத்து, காலை 9 மணிக்கு நிறுத்துகிறேன். எனக்குப் பேக்கரியில் இரவு வேலை. விடிய வீட்டுக்கு வந்து கீழே இறங்கினால், செடிகளும் என்னைப் போல இன்னும் படுக்கப் போகாமல் நிற்கும்.

தொட்டிலின் அடிப்பலகையை ஆகக் கீழே இறக்கி, முன்பக்கக் கிராதியைக் கழற்றிவிட்டேன். மேல் விளிம்பில் குறுக்காக இரண்டு தும்புத்தடிக் கம்புகள். அவற்றில் சங்கிலி கொழுவி, 4 அடி நீள எல்இடி ஷாப் லைட் மூன்றைத் தொங்கவிட்டிருக்கிறேன். ஒவ்வொன்றும் 40 வாட், பெட்டியில் 5000கே என்று நிற அளவு போட்டிருக்கும், பகல் வெளிச்சம் மாதிரி வெள்ளை விளக்கு. மாதம் 50 யூனிட் அளவில் இழுக்கும். ஊதா விளக்கு நல்லது என்று கடையில் சொல்வார்கள். அந்த வெளிச்சத்தில் இலை மஞ்சளா பச்சையா என்றே தெரியாது, நோய் வந்து முற்றிய பிறகுதான் காண்பீர்கள். வேண்டாம். நாற்றுக்கு மேலே அரைச் சாண், வளர்ந்த செடிக்கு மேலே ஒரு சாண் என்று சங்கிலியில் கண்ணி கண்ணியாக ஏற்றி இறக்கலாம். தண்டு மெலிந்து நீண்டால் விளக்கு தூரமாக இருக்கிறது, இறக்குங்கள். நுனி இலை வெளிறிச் சுருண்டால் கிட்ட இருக்கிறது, ஏற்றுங்கள்.

மூன்று பக்கமும் டொலர் கடையில் விற்கும் அலுமினிய நிற அவசரப் போர்வையைக் கட்டினால் ஒளி வீணாகாது, ஆனால் அது விளக்கில் தொடக்கூடாது. காற்றுக்குப் பழைய கம்ப்யூட்டருக்குள் இருந்த 12 வோல்ட் விசிறி. கெட்டுப்போன ரவுட்டரின் 12 வோல்ட் அடப்டரில் சிவப்பு வயரைப் பாசிட்டிவ்விலும் கறுப்பை நெகட்டிவ்விலும் இணைத்தேன். தண்ணீரும் மின்சாரமும் ஒரே இடத்தில் இருப்பதால், மின்சாரம் கசிந்தால் தானாகவே நிறுத்திவிடும், சோதனைப் பொத்தான் உள்ள ஜிஎஃப்சிஐ பிளக்கில் மட்டும் கொழுவுங்கள். வயர் பிளக்குக்கு ஏறுமுன் ஒருமுறை கீழே தொங்கட்டும். வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

சாடிக்குப் பதில் அரிசிச் சாக்கு. 20 இறாத்தல் சாக்கில் 10 லீட்டர் மண் பிடிக்கும், ஒரு செடிக்குப் போதும். உள்ளே பிளாஸ்டிக் உறை இருந்தால் உருவிவிட்டு, அடியில் ஆணியால் ஏழெட்டு ஓட்டை போட்டு, பழைய அவன் அடுப்பின் கம்பித் தட்டின் மேல் வையுங்கள். அதன் கீழே ஒரு தட்டம்.

இனி மண். என்னிடம் இருப்பது ஐந்தாவது குளிர்காலம் காணும் மண். முதல் வருடம் கடையில் வாங்கிய பூச்சாடி மண்தான். மே மாதம் அதை வீசப் போனபோது, பை ஒன்றுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று நினைத்துக் கை வரவில்லை. இப்போது ஜூனில் சாக்குகளைத் தார்ப்பாயில் கொட்டி, மண்ணில் மிஞ்சிய வேரைக் கையால் பிய்த்து, அரிதட்டில் போடுகிறேன். அரிதட்டு என்றால் அரை அங்குலக் கம்பிவலையைப் பழைய படச்சட்டத்தில் அடித்தது. தடித்த வேர் மேலே நிற்கும், மண்ணும், பெர்லைட் என்கிற லேசான வெள்ளைக் கற்பொரியும் கீழே விழும். பிறகு மண்ணைப் பிசைந்தால் பிடியாய் நிற்கும் அளவுக்கு ஈரமாக்கி, நிறமில்லாத பிளாஸ்டிக் பைகளில் ஒரு சாண் கனத்துக்குப் பரப்பி, ஜூலை முழுதும் கார் நிறுத்தும் இடத்து வெயிலில் கிடத்துகிறேன். இறைச்சி வேகும் சூடு பார்க்கும் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்தால், நல்ல வெயில் நாளில் 60 பாகை செல்சியஸைத் தொடும். பூச்சி முட்டைக்கும் களைவிதைக்கும் அது போதும்.

நாற்றுப் போடும் மண் மட்டும் இன்னும் சுத்தமாக வேண்டும். முதல் தடவை அதை அவன் அடுப்பில் வைத்துச் சூடாக்கினேன். இரண்டு நாள் வீடு முழுக்க மழைக்கால மாட்டுக்கொட்டில் வாசம். மனைவி, "நல்ல காலம், புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டியில வைச்சு அவிக்காமல் விட்டீங்கள்" என்றாள். அவள் சொன்ன பிறகுதான் யோசனை வந்தது: அவிப்பதுதான் சரி. இப்போது ஒதுக்கி வைத்த பழைய இட்லிப் பானையில் துணி விரித்து, ஆவி மேலே வந்த பிறகு 30 நிமிடம் வைக்கிறேன். கொல்லைப்புறத்தில், காஸ் அடுப்பில்.

பழைய மண்ணில் சத்தும் இல்லை, காற்றோட்டமும் இல்லை. பூச்சாடி மண்ணில் இருக்கும் கரி நிறப் பீட், அதாவது சதுப்புப் பாசி, மக்கி மாவாகியிருக்கும். 3 பங்கு பழைய மண்ணுக்கு 1 பங்கு கொம்போஸ்ட், அரைப் பங்கு புதுப் பெர்லைட். சாக்கின் விளிம்பில் வெள்ளை உப்புப் படிந்திருந்த மண் என்றால், கலக்குமுன் நிறையத் தண்ணீர் ஊற்றி வடியவிடுங்கள். முட்டை ஓட்டுத்தூள் போட்டால் போடுங்கள், ஆனால் அது கரைவதற்குள் செடியின் காலம் முடிந்துவிடும். வாடல் நோயில் செத்த மிளகாய், தக்காளி, கத்தரி நின்ற மண்ணை மட்டும் திரும்ப உள்ளே கொண்டுவராதீர்கள். மற்ற மண்ணில் உப்பு மிஞ்சியதோ என்று சந்தேகமாக இருந்தால் ஒரு பேணியில் அந்த மண்ணை நிரப்பிப் பத்துப் பயறு போட்டுப் பாருங்கள். ஒரு கிழமைக்குள் நேராய் எழும்பிப் பச்சையாய் நின்றால் அந்தத் தொல்லை இல்லை. வாடல் நோயை மட்டும் இது காட்டாது.

விதைக்குப் பச்சைக் காய் உதவாது, அதன் விதை முற்றியிருக்காது. தமிழ்க் கடையில் வாங்கிய மிளகாயில் இரண்டை யன்னலோரம் வைத்துச் சிவக்கவிட்டு எடுக்கலாம். என்ன, தாய் மாதிரியே பிள்ளை வரும் என்று உத்தரவாதம் இல்லை. செப்டம்பர் முதல் கிழமை ஊறவைத்து விதைத்து, 25 பாகைக்குக் குறையாத இடத்தில் வைத்தால் பத்து நாள் முன்பின்னாக முளைக்கும். எங்கள் வீட்டில் அந்த இடம் குளிர்பெட்டியின் தலை. இரண்டு மாதத்தில் சாக்குக்கு மாற்றினால், தைப்பொங்கல் அளவில் முதல் காய்.

தண்ணீரை முதல் நாளே வாளியில் பிடித்து வையுங்கள். குளோரின் போக என்பார்கள். டொரண்டோக் குழாயில் வருவது குளோரினும் அமோனியாவும் சேர்ந்த குளோரமின், அது ஓர் இரவில் போகாது. செடிக்கு அதனால் கெடுதலும் இல்லை. நான் வைப்பது குளிர் போக. ஜனவரிக் குழாய்த் தண்ணீர் கையையே விறைக்க வைக்கும், வேரை விடுமா?

மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இரண்டாம் வருடம் நான் தேயிலைச் சக்கையும் அரிசி கழுவிய தண்ணீரும் நாள்தோறும் ஊற்றினேன். ஊரில் கொசு என்போமே, நுளம்பு அல்ல, பழத்தை மொய்க்கும் சின்னது, அந்த மாதிரி ஒரு கூட்டம் மண்ணில் இருந்து கிளம்பி மேல்மாடிச் சோற்றுக் கோப்பை வரை வந்துவிட்டது. மஞ்சள் மட்டையில் வாசலின் பூசிச் செருகினேன், தண்ணீரைக் குறைத்தேன், மூன்று கிழமையில் அடங்கியது. அசுவினிப் பூச்சி வந்தால் ஒரு லீட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி திரவச் சவர்க்காரம், இலையின் அடிப்பக்கம் நனைய. அரை மணி நேரம் கழித்து வெறும் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

பூத்ததும் தேனீ இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். மிளகாய் தன் மகரந்தத்திலேயே காய்க்கும், அசைத்துவிட ஆள் வேண்டும், அவ்வளவுதான். காலையில் வேலையால் வந்ததும் ஒவ்வொரு கிளையையும் விரலால் இரண்டு தட்டுத் தட்டுவேன். முதல் வந்த ஏழெட்டுப் பூ உதிர்ந்தால் பதறாதீர்கள். அதன் பிறகும் உதிர்ந்தால் அறை குளிராக இருக்கலாம், சாக்குகளைக் கொதிகலன் பக்கம் இன்னும் ஓரடி தள்ளுங்கள்.

மே மாதம் விக்டோரியா தின விடுமுறை கழிந்ததும் செடிகளைக் கொல்லைப்புறத் தரைக்கு மாற்றுகிறேன், முதல் கிழமை நிழலில் வைத்து. சாக்குகள் வெறுமையாகும். தார்ப்பாயை விரிக்க வேண்டியதுதான்.