சூடானதும் நின்றுவிடும் புல் வெட்டும் மெஷின்: குறையை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி?

காலையில் ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆகும். 20 நிமிடம் அழகாக வெட்டும். அப்புறம் லேசாகத் திணறி நின்றுவிடும். கை வலிக்கக் கயிற்றை இழுத்தாலும் பிடிக்காது. அரை மணி நேரம் நிழலில் விட்டுவிட்டு வந்து இழுத்தால், ஒன்றுமே நடக்காதது போல ஓடும்.

கோயம்புத்தூரில் எங்கள் குடியிருப்பின் பெட்ரோல் மெஷினுக்கு இந்தத் தொல்லை வந்தபோது பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டுபோனோம். போய்ச் சேர்வதற்குள் என்ஜின் ஆறிவிட்டது. அங்கே நன்றாகவே ஓடியது. "காயில் போயிருக்கும்" என்று, பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் அந்தக் கம்பிச் சுற்றை மாற்றிக் கொடுத்தார்கள். அடுத்த வாரமும் அதே 20 நிமிடத்தில் நின்றது. கடைசியில் பார்த்தால், குறை டேங்க் மூடியில் இருந்தது. சூட்டில் வரும் குறையைச் சூட்டிலேயே பார்த்தால்தான் பிடிபடும். நின்ற பிறகு உங்களுக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம், அவ்வளவுதான். அதற்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டத் தொடங்கும் முன்

தடித்த கையுறை, பிளக் ஸ்பேனர், ஒரு புதிய ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் அளவைப் பாருங்கள். ஏர் ஃபில்டரில் தூசி அடைத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். டேங்கில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோலை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். இப்போது பங்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும்.

அடுத்து, என்ஜினின் மேல்மூடியைக் கழற்றுங்கள். சிலிண்டரைச் சுற்றி வரிவரியாக உலோகத் தகடுகள் இருக்கும். இந்த என்ஜினில் ரேடியேட்டர் கிடையாது. ஃப்ளைவீல் என்ற சுழல் சக்கரம் விசிறியடிக்கும் காற்று அந்தத் தகடுகளுக்கு இடையே போய்த்தான் சூட்டைத் தணிக்கிறது. காய்ந்த புல்லும் ஆயிலும் சேர்ந்து அங்கே அடை போல அப்பிக்கொள்ளும். குச்சியாலும் பிரஷ்ஷாலும் சுரண்டி எடுங்கள். பாதிப் பேருக்குப் பிரச்சினை இதோடு தீர்ந்துவிடும் என்பது என் எண்ணம்.

கடைசியாக, ஆறியிருக்கும் நிலையில் கயிற்றை மெதுவாக ஒருமுறை இழுத்து, எவ்வளவு இறுக்கமாக வருகிறது என்று கையில் உணர்ந்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

திணறும்போது: சோக்

மேல்மூடியை மாட்டிவிட்டு வெட்டத் தொடங்குங்கள். என்ஜின் திணற ஆரம்பித்ததும் சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோலைக் கூட்டும் அமைப்பை) பாதியளவு போட்டுப் பாருங்கள். உடனே சமாளித்து ஓடினால், பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம். சோக் போட்டும் பயனில்லாமல் பட்டென்று நின்றால் கரண்ட் பக்கம் சந்தேகப்படலாம்.

நின்றதும்: டேங்க் மூடி

முதல் வேலையாக டேங்க் மூடியைத் திறங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் கேட்கிறதா? மூடியைத் தளர்வாக வைத்துவிட்டுக் கயிற்றை இழுங்கள். ஸ்டார்ட் ஆகிவிட்டால் குற்றவாளி மூடிதான்.

எண்ணெய் டின்னில் ஒரே ஓட்டை போட்டால் எண்ணெய் விட்டுவிட்டுத்தான் வரும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் சீராக ஊற்றும், இல்லையா? டேங்க் மூடியில் உள்ள சிறு துளை அந்த இரண்டாவது ஓட்டை. அது அடைத்துக்கொண்டால், பெட்ரோல் குறையக் குறைய டேங்குக்குள் காற்றழுத்தம் இறங்கி, ஒரு கட்டத்தில் பெட்ரோல், அதைக் காற்றோடு கலக்கும் கார்ப்ரேட்டருக்கு வராமல் நின்றுவிடும். ஆறும் நேரத்தில் காற்று மெல்லக் கசிந்து உள்ளே போய்விடுவதால் மறுபடி ஓடுகிறது. நாம் சூட்டைப் பழி சொல்கிறோம்! துளையை மெல்லிய கம்பியால் சுத்தம் செய்யுங்கள், இல்லையென்றால் மூடியை மாற்றிவிடுங்கள். தளர்ந்த மூடியோடு தொடர்ந்து ஓட்டாதீர்கள். சூடான சைலன்சர் மேல் பெட்ரோல் சிந்தினால் தீப்பிடிக்கும்.

சோக் போட்டால் ஓடுகிறது, மூடியிலும் குறை இல்லை என்றால், பெட்ரோல் குழாயையும் கார்ப்ரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டையும் என்ஜின் நன்றாக ஆறிய பிறகு சுத்தம் செய்யுங்கள்.

கரண்ட் வருகிறதா?

டேங்க் மூடியை இறுக மூடுங்கள். எங்கும் பெட்ரோல் சிந்தியிருக்கக் கூடாது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பழைய பிளக்கைக் கழற்ற வேண்டாம்; அது துளையை மூடியபடியே இருக்கட்டும். அதன் தொப்பியை மட்டும் உருவி, கையில் உள்ள புதிய பிளக்கில் மாட்டுங்கள். பிளக்கின் உலோக உடம்பு என்ஜினின் வெற்று உலோகத்தைத் தொடும்படி வையுங்கள். கைப்பிடியில் உள்ள, விட்டால் என்ஜினை நிறுத்தும் கம்பியை ஒருவர் அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கயிற்றை இழுக்கட்டும். பிளேடு சுற்றும், கால்களைத் தள்ளி வையுங்கள்.

பளிச்சென்று நீலப் பொறி வந்தால் காயில் நன்றாக இருக்கிறது. என்ஜின் ஆறியதும் புதிய பிளக்கையே மாட்டி ஓட்டிப் பாருங்கள். பொறியே இல்லை, ஆறியதும் வருகிறது என்றால் பெரும்பாலும் காயில்தான். உள்ளே முடி போன்ற கம்பிச் சுற்று சூட்டில் விரிந்து விட்டுப்போகிறது. ஆனால் மாற்றும் முன், காயிலிலிருந்து என்ஜினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் மெல்லிய வயரைக் கழற்றிவிட்டு இதே சோதனையைச் சூட்டில் இன்னொரு முறை செய்யுங்கள். அப்போது பொறி வந்தால் குறை அந்த வயரிலோ சுவிட்சிலோ இருக்கிறது, காயில் வாங்கும் செலவு மிச்சம். வயரைத் திரும்ப மாட்டாமல் மெஷினை ஓட்டாதீர்கள். புதிய காயில் போட்டால், அதற்கும் ஃப்ளைவீல் காந்தத்துக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி விட்டு முடுக்குங்கள்.

கயிறு லேசாக வருகிறதா?

பெட்ரோலும் பொறியும் சரியாக இருந்தும் பிடிக்கவில்லையா? காலையில் கையில் உணர்ந்த இறுக்கத்தோடு இப்போதைய இழுப்பை ஒப்பிடுங்கள். தொளதொளவென்று வந்தால் கம்ப்ரஷன் இல்லை, அதாவது சிலிண்டருக்குள் காற்று அழுத்தப்படவில்லை. வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தும் நெம்புகோலுக்கும் நடுவே உள்ள வால்வு இடைவெளி குறைந்துபோன என்ஜினில், சூட்டில் வால்வின் தண்டு நீண்டு, வால்வு முழுதாக மூடாமல் நிற்கும். ஆறியதும் சுருங்கி மூடிக்கொள்ளும். உதாரணமாக, சில பம்புசெட்டுகளில் காணும் ஹோண்டா ஜிஎக்ஸ்160 என்ஜினில் இந்த இடைவெளி இன்லெட் வால்வுக்கு 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.20 மி.மீ. உங்கள் மெஷினுக்கான அளவு அதன் கையேட்டில் இருக்கும். முழுக்க ஆறிய என்ஜினில், ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடுகளை வைத்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

இந்தக் கடைசி வேலையை முதல்முறை ஒரு மெக்கானிக்கிடம் கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது "சூட்டில் நிற்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். "சூட்டில் பொறி வருகிறது, பெட்ரோல் வருகிறது, கயிறு மட்டும் லேசாக வருகிறது" என்று சொல்லுங்கள். அவர் நேராக வால்வு மூடியைத்தான் கழற்றுவார்.