பரணை இறக்கிப் பார்ப்போம்: பயன்படாத சமையலறைக் கருவிகளையும் பொழுதுபோக்குச் சாமான்களையும் பிரிப்பது எப்படி?

"ஆறு மாதம் தொடாத பொருளை வீட்டை விட்டு அனுப்பிவிடுங்கள்" என்பது வீட்டை ஒழுங்குபடுத்தச் சொல்லித்தரும் காணொளிகளில் அடிக்கடி கேட்கும் விதி. நம் சமையலறையில் அதை அப்படியே நடத்தினால் முதலில் வெளியேறுவது முறுக்கு அச்சுதான். தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அதற்காகப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும். கொழுக்கட்டை அச்சும், உறவினர்கள் வந்தால் மட்டும் இறங்கும் பத்து லிட்டர் குக்கரும் அந்தக் கணக்கில் குப்பை. போன மாதம் ஒரே ஒருமுறை சுட்டுப் பார்த்த ரொட்டி மேக்கர் மட்டும் தப்பித்துவிடும்.

ஆகவே வேறொரு கேள்வியை வைத்துக்கொள்வோம்: இந்தப் பொருள் அடுத்து எந்த நாளில் வேண்டும்? "விநாயகர் சதுர்த்திக்கு" என்று பதில் வந்தால் இருக்கட்டும். "சனிக்கிழமை மாவரைக்க" என்றால் கேள்வியே இல்லை. "எப்போதாவது தேவைப்படும்" என்று வந்தால்தான் யோசிக்க வேண்டும். நாட்காட்டியில் அப்படி ஒரு நாள் கிடையாது.

படி 1: இறக்குங்கள்

அரை நாள் ஒதுக்குங்கள். பரண், சமையலறையின் மேல் அலமாரி, கட்டிலுக்கு அடி ஆகிய மூன்று இடங்கள் மட்டும் போதும். துணி பீரோவையும் புத்தக அலமாரியையும் அன்று திறக்கவே வேண்டாம். திறந்தால் இருட்டும்வரை பழைய ஆல்பம் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். உறுதியான ஏணி, மூக்கை மூட ஒரு துணி, மார்க்கர் பேனா, காகித டேப், நான்கைந்து அட்டைப்பெட்டிகள் வேண்டும். ஏணியில் ஒருவர், கீழே வாங்கிக்கொள்ள ஒருவர். கிரைண்டர் மேலே இருந்தால் கல்லைத் தனியாக எடுத்துக் கொடுத்துவிட்டுப் பிறகு மற்றதை இறக்குங்கள்.

இறக்கும்போதே தெரிந்துவிடும், பரணில் பாதி இடத்தை அடைத்திருப்பது வெறும் பெட்டிகளும் தெர்மாக்கோலும் என்று. வாரன்டிக்குப் பெரும்பாலும் பில்தான் கேட்பார்கள், பெட்டியை அல்ல. பில்லைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம். வாடகை வீட்டில் இருப்பவர்கள் டிவி, மைக்ரோவேவ் பெட்டிகளை மட்டும் தட்டையாக மடித்து வைத்துக்கொள்ளுங்கள். வீடு மாறும்போது உதவும்.

படி 2: வேலைப்படி வரிசையாக்குங்கள்

கூடத்துத் தரையில் பழைய போர்வையை விரித்து, அரைப்பவை, பிழிபவை, சுடுபவை, வேகவைப்பவை என்று வரிசையாக வையுங்கள். மிக்ஸி, பிளெண்டர், சாப்பர், ஜூசர் எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும்போது யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டத்தில் வந்தவையும் சீர்வரிசையில் வந்தவையும் சேர்ந்து இரண்டு ஜோடி வைத்திருக்கும் வீடுகள் உண்டு. ஒன்று பழுதானால் இன்னொன்று என்ற சமாதானம் மிக்ஸிக்குப் பொருந்தும், ஏனென்றால் அது இல்லாமல் அன்றாடச் சமையல் நின்றுவிடும். சாண்ட்விச் டோஸ்டருக்குப் பொருந்தாது.

படி 3: ஓடுகிறதா பாருங்கள்

நெடுநாள் தூங்கிய கருவியை நேராகப் பிளக்கில் செருகாதீர்கள். முதலில் வயரை முழு நீளத்துக்கும் விரலால் தடவிப் பாருங்கள். எலி கடித்த இடம் கைக்குத் தெரியும். வெயிலில் அல்லது மின்விசிறிக் காற்றில் நன்றாக ஈரம் போகட்டும். உள்ளே கரப்பான் குடியிருந்தால் முட்டைக் கூடும் கழிவும் இருக்கும், துடைத்தெடுங்கள். மைக்ரோவேவை மட்டும் எக்காரணம் கொண்டும் திருகாணி கழற்றிப் பார்க்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

குக்கராக இருந்தால் கேஸ்கெட்டையும் பாதுகாப்பு வால்வையும் புதிதாக மாற்றாமல் அடுப்பில் ஏற்ற வேண்டாம். மிக்ஸி ஓடவில்லை என்றால் அடிப்பக்கத்தில் இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். அதிகச் சுமையால் அது முன்பே துண்டித்துக்கொண்டிருக்கலாம். அதிலும் சரியாகவில்லை என்றால் மோட்டாருக்குள் இருக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம், சிறு செலவுதான்.

படி 4: ஏன் தூங்கியது என்று கண்டுபிடியுங்கள்

எல்லாவற்றையும்விட அதிக நேரம் இதற்குக் கொடுங்கள். ஒரு கருவி பயன்படாமல் போவதற்குச் சோம்பலைக் குற்றம் சொல்வது வழக்கம். பெரும்பாலும் எடை, பிளக், கழுவும் வேலை என்ற மூன்றில் ஒன்றுதான் காரணம்.

எடைக்குக் கிரைண்டர் நல்ல எடுத்துக்காட்டு. கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். பெல்ட், பேரிங் மாற்றினால் வருடக்கணக்கில் உழைக்கும். ஆனால் பரணில் இருக்கும் கிரைண்டரை வாராவாரம் யாரும் இறக்கப்போவதில்லை. சக்கரம் வைத்த ஸ்டாண்டில் மேடைக்கு அடியில் நிறுத்துங்கள். அதற்கு இடமில்லை என்றால், கடை மாவு வாங்கும் குடும்பம் என்பதை ஒப்புக்கொண்டு கிரைண்டரை அனுப்பிவிடலாம். மாமியார் காதில் விழாமல் பேசிக்கொள்ளுங்கள்.

பிளக்கைப் பலரும் கவனிப்பதில்லை. 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் பிளக் தாங்குவது 1380 வாட். ஓடிஜி (கேக் சுடும் மின்சார அவன்), இன்டக்‌ஷன் அடுப்பு, ஏர் ஃபிரையர் போன்றவை பலவும் இந்த அளவை ஒட்டியோ தாண்டியோ இருக்கும். அவற்றுக்கு 16 ஆம்பியர் பிளக் வேண்டும். பழைய சமையலறைகளில் அந்தப் பெரிய பிளக் ஒன்றே ஒன்று இருக்கும், அதையும் ஃபிரிட்ஜ் பிடித்துக்கொண்டிருக்கும். கேக் செய்ய வேண்டுமென்றால் ஓடிஜியைக் கூடத்துக்குத் தூக்கிப்போக வேண்டும் என்கிற வீட்டில் கேக் வேகாது. எலக்ட்ரீசியனை அழைத்து, தகுந்த தடிமனுள்ள வயருடன் இன்னொரு 16 ஆம்பியர் பிளக் போடச் சொல்லுங்கள். ஓடிஜியை விற்பதா வைப்பதா என்று அதன் பிறகு முடிவு செய்யலாம்.

கழுவும் வேலைக்குப் பெயர்போனது கோல்டு பிரஸ் ஜூசர். சல்லடைக் கண்ணில் நார் காய்ந்துவிட்டால் பிரஷ் போட்டாலும் போகாது, குடித்த கையோடு கழுவ வேண்டும். உங்கள் வீட்டில் அதைச் செய்ய ஆள் உண்டா? இல்லையென்றால் மிக்ஸி ஜாரும் வடிகட்டியும் போதும். ரொட்டி மேக்கருக்கு வேறு சிக்கல். மாவு வழக்கத்தைவிட இளக்கமாக இருக்க வேண்டும், தட்டு நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், அழுத்தியதும் விட்டுவிட வேண்டும். தப்பினால் கிழியும், அல்லது அப்பளமாகும். இந்தப் பக்குவம் கைவந்தவருக்கு அது நல்ல கருவி. மற்றவர்களுக்குச் சப்பாத்திக் கட்டையே வேகம்.

முடிவெடுக்க முடியாதவற்றை மேடையில் கண்ணெதிரே ஒரு மாதம் வைத்துப் பாருங்கள். மேடையிலேயே தொடாததை இனிப் பரணிலிருந்து இறக்கித் தொடப்போவதில்லை.

படி 5: பொழுதுபோக்குச் சாமான்களுக்குத் தனிக் கூடை

கீபோர்டு, கேமரா, ஆரி வேலை ஃபிரேம், தஞ்சாவூர் ஓவியப் பலகை, கேக் அலங்கார நாசில்கள், டிரெட்மில் எல்லாம் இங்கே வரும். சமையலறைக் கருவியைவிட இவற்றைப் பிரிவது கடினம், ஏனென்றால் ஓவியம் வரையப்போகும் நம்மையும் சேர்த்துத்தான் அந்தப் பெட்டியில் வைத்திருக்கிறோம். கேள்வி அதேதான்: எந்த நாள்? கிழமையும் நேரமும் சொல்ல முடிந்தால் சாமானைப் பரணுக்கு ஏற்றாதீர்கள், உட்காரும் இடத்துக்குப் பக்கத்தில் வையுங்கள். பிள்ளைகளின் ஸ்கேட்டிங் ஷூ, அபாகஸ் போன்றவற்றில் யோசிக்க ஒன்றுமில்லை. ஷூ காலுக்குப் பத்தாது. அதே வகுப்பில் புதிதாகச் சேரும் குழந்தைக்குக் கொடுத்துவிடலாம்.

வைத்துக்கொள்பவற்றைச் சரியாக வையுங்கள். பேட்டரிகளைக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் கசிந்து இணைப்புகளை அரித்துவிடும். லித்தியம் பேட்டரியைப் பாதியளவு சார்ஜில் வைப்பது நல்லது. சென்னை போன்ற கடலோர ஊர்களில் கேமரா லென்ஸைத் தோல் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். கிதார் கம்பிகளைச் சற்றுத் தளர்த்துங்கள். தையல் இயந்திரத்துக்கு அதற்கான எண்ணெய் மட்டும், தேங்காய் எண்ணெய் கூடாது. உள்ளே பிசினாக இறுகிவிடும்.

படி 6: திரும்ப ஏற்றுங்கள்

கனமானவை இடுப்புக்குக் கீழே, லேசானவை தலைக்கு மேலே. பண்டிகைச் சாமான்களை ஒன்றாகச் சேர்க்காமல் பண்டிகைவாரியாகப் பெட்டியில் போட்டு, வெளியே தெரியும் பக்கத்தில் டேப் ஒட்டி "தீபாவளி: முறுக்கு அச்சு, பெரிய ஜல்லிக்கரண்டி" என்று எழுதுங்கள். முறுக்கு அச்சின் தட்டுகள் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி அச்சுக்குள்ளேயே போட்டுவிட்டால் தேன்குழல் தட்டைத் தேடி வீட்டைக் கவிழ்க்க வேண்டியதில்லை. ஆயுத பூஜையன்று எப்படியும் எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கத்தான் போகிறோம். அன்று மறுபடி ஒரு பார்வை பார்த்தால் போதும்.

படி 7: அனுப்புங்கள்

சீராக வந்த பொருளாக இருந்தால், அதைக் கொண்டுவந்தவரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள். ஓடாத மிக்ஸிக்காக ஓராண்டு பேசாமலிருந்த வீடுகள் உண்டு.

ஓடுபவற்றை ஜார், மூடி, கையேடு எல்லாம் சேர்த்து ஒரே பெட்டியில் வைத்து, மாடல் எண் தெரியும்படி படம் எடுத்துக் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். வாங்கிய விலையை மறந்துவிடுங்கள், அந்தப் பணம் வாங்கிய அன்றே போய்விட்டது. வீட்டு வேலைக்கு வருபவருக்குக் கொடுப்பதானால் வேண்டுமா என்று முதலில் கேளுங்கள். மூடி இல்லாத ஜாரை அவர் தலையில் கட்டுவது உதவி ஆகாது.

பழுதுபார்க்கும் கடையில் உதிரிபாகத்துக்காகச் சிலவற்றை எடுத்துக்கொள்வார்கள். எவர்சில்வர், பித்தளையைப் பாத்திரக்கடையில் எடைக்குப் போடலாம். மின்சாதனத்தைக் காயலான் கடைக்குத் தள்ளிவிடுவது எளிது, ஆனால் அங்கிருந்து அது செம்புக்காக வயரை எரிக்கும் இடத்துக்குப் போகக்கூடும். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளில் மைக்ரோவேவ், டோஸ்டர் போன்ற வீட்டுச் சாதனங்களும் அடக்கம்; அவற்றை மறுசுழற்சிக்குக் கொண்டுசேர்க்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. அந்தக் கருவியின் நிறுவனத்துச் சேவை எண்ணில் கேளுங்கள், அல்லது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். போகியன்று வயரையும் பிளாஸ்டிக்கையும் தீயில் போடுவது வேண்டவே வேண்டாம். வயர் உறையில் இருக்கும் பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு, டையாக்சின் என்ற நச்சுகள் வெளிவரும், தெருவே அதைச் சுவாசிக்கும்.

படி 8: ஆடித் தள்ளுபடிக்கு முன்

கடைக்குப் போகும் முன் மூன்று விடை கையில் இருக்கட்டும்: எந்த நாளில் செய்வேன், எந்தப் பிளக்கில் செருகுவேன், யார் கழுவுவது. அப்போதும் ஆசை விடவில்லை என்றால், அதே கருவி வைத்திருக்கும் வீட்டில் இரண்டு வாரத்துக்குக் கேட்டு வாங்கிப் பாருங்கள். பதிலுக்கு உங்கள் சாண்ட்விச் டோஸ்டரைக் கொடுத்தனுப்புங்கள். அது திரும்பி வராவிட்டால் நினைவூட்ட வேண்டாம்.